மூன்றாவது கிழங்கு

எங்கள் அம்மா எதையும் பச்சையாக வீட்டைவிட்டு வெளியே அனுப்பமாட்டாள். பக்கத்து அறைக்காரி குழந்தைக்கு அரை டம்ளர் பால் கேட்டால், காய்ச்சி, ஆற்றி, மூடி போட்டுத்தான் கொடுப்பாள். கோயிலுக்குப் போகும் தேங்காய், பழத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒருமுறை அக்கா வீட்டுக்கு வாழைக்காய் கொண்டுபோகச் சொன்னவள், நான் தலை பின்னிச் செருப்பு மாட்டுவதற்குள் அதைப் பொரியலாக்கி டப்பாவில் அடைத்துவிட்டாள். “பச்சைக் காயைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போவியா? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?” பஸ்ஸில் எல்லார் கூடையிலும் பச்சைக் காய்தான் இருக்கும், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று சொன்னால் எடுபடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊரில் தங்கிப்போனதற்கு அம்மாவின் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மழை பொய்த்து, குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தோம். பின்கட்டில் மூன்று குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே அடுப்படி. தண்ணீர் வரும் நேரத்தில் அங்கே நடக்கும் சண்டையைக் கேட்கத் தெருவில் கூட்டம் நிற்கும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற அன்றே ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவருக்கு ஊர் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு ஊர் என்றால் தேக்கா மார்க்கெட். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பிறந்தேன், அதைவிட்டு, பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் ஜொகூர் பாருவைத் தாண்டிப் போனதில்லை. தஞ்சாவூரில் எனக்காக ஒரு அத்தை மகன் காத்திருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கட்டும் என்று நான் சொன்ன விதம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

நான் பள்ளி இறுதித் தேர்வு தேறி, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். “பயிற்சியில இடம் கெடச்சா உங்க அக்கா வீட்ல இருந்துக்க. கெடைக்கலன்னா எங்ககூடக் கப்பல் ஏறு. நடுவுல ஒரு பேச்சும் கெடையாது.” குவீன்ஸ்டவுனில் புதிதாக அடுக்குமாடி வீடு கிடைத்திருந்த அக்கா, “எங்க வீட்ல தாராளமா ஒரு ரூம் இருக்கு லா, அழாதே” என்றாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பயந்தால் வாயடைத்துப் போகும். கோபம் வந்தால் பேச்சு தானாக வரும்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கித் துடைத்து, ஒன்றில் தன்னுடையதையும் அப்பாவுடையதையும் அடுக்கினாள். இன்னொன்றில் என் துணிகளை அடுக்கினாள். நான் கட்டிக்கொள்ள வெளியே எடுத்த சேலையைக்கூட, துவைத்துக் காய்ந்ததும் பூச்சி உருண்டை போட்டு மறுபடியும் உள்ளே வைத்துவிடுவாள். “இன்னும் இண்டர்வியூவே நடக்கலம்மா” என்று கத்தினேன். “பெட்டி காலியா இருந்தா கரப்பான் பூந்துரும்” என்றாள்.

நேர்காணலில் கேள்வி கேட்பதோடு விடமாட்டார்களாம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு ஒரு சின்னப் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். மற்றப் பெண்கள் பூகோளம், கணக்கு என்று தேர்ந்தெடுத்தார்கள். நான் சவ்வூடு பரவலை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஆஸ்மோசிஸ் என்று படித்தது. பள்ளியில் படித்த விஞ்ஞானத்திலேயே கண்ணால் பார்த்து வாயைப் பிளந்த பாடம் அது ஒன்றுதான். அதற்கு வேண்டிய சாமான்களும் தேக்கா மார்க்கெட்டிலேயே கிடைக்கும்: உருளைக்கிழங்கு, சீனி, கொஞ்சம் தண்ணீர்.

ஒத்திகை அடுப்படியில் நடந்தது. அம்மாதான் மாணவி, அதிலும் அடங்காத மாணவி. கிழங்கின் அடிப்பாகத்தைத் தோல் சீவித் தட்டையாக்கி, மேலே கிண்ணம் மாதிரி குடைந்து, குழியில் சீனி போட்டுத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்திவைத்தேன்.

“நல்லாக் கேட்டுக்க. கிழங்கு பூராவும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைங்க. செல்லுன்னு பேரு. ஒவ்வொரு பைக்கும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அது தண்ணிய விடும், சீனிய விடாது.”

“ஏன், சீனி அதுக்கு என்ன பண்ணுச்சு?”

“அம்மா, குறுக்க பேசாதே. குழியில சீனி கரைஞ்சு கெட்டியாப் பாகு மாதிரி இருக்கு. வெளியே வெறும் தண்ணி. ரெண்டு பக்கமும் சமமாகணும்னு பாக்குது. சீனி வெளியே வர முடியாது, சவ்வு மறிக்குது. அதனால தண்ணிதான் கிழங்கு வழியா உள்ளே ஏறி வரும். கொஞ்ச நேரத்துல பாரு, குழி ரொம்பிடும்.”

“மாங்காய்க்கு உப்புப் போட்டுப் பெசறி வெச்சா தண்ணி விடுது. அதானே?”

“அதேதான்.”

“இதுக்கா உன்னை இத்தனை வருஷம் படிக்க வெச்சோம்?”

குழி நிறைந்ததைப் பார்த்தபோது அவளுக்கும் ஆச்சரியம்தான், ஆனால் காட்டிக்கொள்ளமாட்டாள். விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, “இனிக்குது” என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். வேகவைத்த கிழங்கில் சீனி போட்டாலும் இப்படித் தண்ணீர் ஏறுமா? ஏறாது என்றேன். வேகும்போது அந்தச் சவ்வு கிழிந்துபோகும், செல் செத்துப்போகும், அப்புறம் தண்ணீரும் சீனியும் இஷ்டத்துக்குப் போய்வரும், ஒன்றை ஒன்று இழுக்காது. அவள் நம்பவில்லை. “வெந்த கிழங்குதான் பதமா இருக்கும், அதுதான் நல்லா இழுக்கும்” என்று வாதம் செய்தாள். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒன்றைப் பச்சையாகவும் ஒன்றை வேகவைத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பச்சைக் கிழங்கின் குழி ததும்பியது. வெந்ததில் சீனி லேசாக ஈரப்பட்டதோடு சரி. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “ம்” என்று சொல்லிவிட்டு வெந்த கிழங்கை எடுத்து உதிர்த்துப் பொடிமாஸ் செய்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். துணி துவைக்கும்போதும் சொன்னேன், குளிக்கும்போதும் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. கீழே மளிகைக் கடைக்காரர், “உன் கிழங்குப் பாட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சும்மா” என்று அலுத்துக்கொண்டார்.

நேர்காணலுக்கு முந்தைய மாலை, ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று மூன்று கிழங்குகளைக் குடைந்து, கறுத்துப்போகாமல் இருக்கத் தண்ணீரில் போட்டுவைத்தேன். “பச்சையாவா எடுத்துக்கிட்டுப் போகப் போறே? பெரிய மனுஷங்க முன்னாடி?” என்றாள் அம்மா. “ஆமாம்மா, பச்சையாத்தான்” என்றேன். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் டிபன் கேரியரைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். கீழடுக்கில் எனக்கு எலுமிச்சம்பழச் சோறு, மேலடுக்கில் வாழையிலையில் சுற்றிய கிழங்குகள். போகிற இடத்தில் குழாயில் தண்ணீர் வருமோ வராதோ என்று தன் வாளியிலிருந்து ஒரு புட்டி நிறையத் தண்ணீரும் கொடுத்தாள். அந்த வறட்சியில் ஒரு புட்டித் தண்ணீர் சும்மா இல்லை. நெற்றியில் விபூதி பூசினாள். ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை.

பயிற்சிக் கல்லூரிக்குப் போன உடனேயே வராந்தா ஓரத்தில் தட்டுகளைப் பரப்பி, மூன்று கிழங்குகளையும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிச் சீனி போட்டேன். கிழங்குகள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தன. கீழே சுடுசோறு இருந்ததல்லவா, அந்தச் சூடுதான் என்று நினைத்தேன். எப்போது கூப்பிடுவார்களோ என்ற அவசரத்தில் வேறெதையும் கவனிக்கவில்லை. என் முறை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்தில் இருந்த பெண்ணின் உலக உருண்டை கீழே விழுந்து உருண்டு போய்விட, இரண்டு பேருமாகத் துரத்திப் பிடித்தோம். அந்தக் களேபரத்தில் குழிகளை எட்டிப் பார்க்கவும் மறந்துபோனேன்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள்தான் பேசினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, பிள்ளைகளே என்று ஆரம்பித்தேன். சவ்வைச் சொன்னேன், சீனியைச் சொன்னேன், தண்ணீர் ஏறி வருவதைச் சொன்னேன். வார்த்தை எங்கேயும் தட்டவில்லை. “இப்போது பாருங்கள்” என்று முதல் கிழங்கைச் சாய்த்துக் காட்டினேன். குழியில் சீனி அப்படியே கிடந்தது. இரண்டாவதும் அப்படியே.

“ஒன்றும் நடக்கவில்லையே, மிஸ்” என்றார் அந்த அம்மாள்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கப்பல் கண்முன்னே வந்து நின்றது. அத்தை மகன்கூட வந்து நின்றான், அவனை நான் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கிழங்கை அழுத்திப் பிடித்தேன். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. மெத்தென்று வெந்திருந்தது! அப்போது வந்தது பாருங்கள் கோபம், உச்சந்தலைக்கு ஏறியது. வாழைக்காயைப் பொரியலாக்கினாயே, போகட்டும் என்று விட்டேன். என் பிழைப்பையுமா அடுப்பில் ஏற்றுவாய்?

“எங்கள் அம்மா இதை வேகவைத்துவிட்டார், மேடம்” என்றேன்.

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. “வேகவைத்தால் என்ன?” என்றார். கோபம் வந்துவிட்டதல்லவா, எனக்குப் பேச்சும் வந்துவிட்டது. கிழங்கைப் பிட்டு மேசையில் வைத்தேன். இதில் செல்கள் செத்துவிட்டன, சவ்வு கிழிந்துவிட்டது, சீனியைத் தடுத்து நிறுத்த ஆளில்லை, அதனால் தண்ணீருக்கு உள்ளே ஏறி வர வேலையும் இல்லை என்றேன். வேலை செய்வது கிழங்கு அல்ல, உயிரோடு இருக்கும் அந்தச் சவ்வுதான் என்றேன். இதை நான் அடுப்படியிலேயே செய்து பார்த்திருக்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே மூன்றாவது கிழங்கைப் பார்த்தேன். மூன்றிலும் சின்னது அது. குழி ததும்பிக்கொண்டிருந்தது. தட்டைச் சாய்த்ததும் சீனித் தண்ணீர் மேசைமேல் வழிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த கத்தியால் வெட்டினேன், மொறுக்கென்று சத்தம் கேட்டது. பச்சை! எந்தச் சாமி காப்பாற்றியது என்று தெரியவில்லை, எனக்கு அங்கேயே அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்து வந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தார். “ஒப்பிட்டுக் காட்டுவதற்காக வேண்டுமென்றே இப்படிக் கொண்டுவந்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அம்மாமேல் இருந்த ஆத்திரத்தில் எனக்குப் பொய் வரவில்லை. “இல்லை மேடம், இது எங்கள் அம்மாவின் வேலை” என்றேன். அப்போதுதான் அவரும் சிரித்தார்.

வீட்டுக்குப் போய் ஆடித் தீர்த்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். “பெரிய மனுஷங்க முன்னாடி பச்சையா வெக்கக் கூடாதேன்னு ஒரு கொதி விட்டேன்டி” என்றாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாசக்கணக்கில் முறைத்துக்கொண்டே இருந்த மனிதர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிற்பாடு அக்கா இந்தக் கதையைக் குவீன்ஸ்டவுனில் தன் மாடி முழுக்கப் பரப்பினாள். அன்றைக்கு நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அம்மா கேட்டாள்.

“மூணாவதுல தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ரொம்புச்சா?”

“ரொம்பி வழிஞ்சுச்சு. அது ஒண்ணுதான் மானத்தைக் காப்பாத்துச்சு.”

அம்மா தலையாட்டிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள். நான் எதையும் யோசிக்கவில்லை. சின்னக் கிழங்கு, சட்டியின் அடியில் கண்ணில் படாமல் தப்பியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எனக்கு இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று நான் சந்தில் நின்று கத்திய கத்தலில் மளிகைக் கடைக்காரர் எதையோ கொட்டிவிட்டார். அப்பா சொன்ன சொல் தவறாதவர். “சரி, இருந்துக்க” என்றார். அம்மா அன்றைக்கே என் பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிகளையெல்லாம் வெளியே எடுத்தாள். ஒவ்வொரு சேலையையும் உதறிப் பூச்சி உருண்டை நாற்றம் போகக் கொடியில் போட்டாள். உதவிக்குப் போனேன், விடவில்லை.

கப்பல் புறப்படும் நாளில் அக்காவும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். ஊருக்குப் போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், தகரப் பெட்டிகள், தையல் மெஷின்கள், கூண்டில் கிளி என்று ஒரே நெரிசல். அப்பா பழைய கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா சோடா வாங்கப் போனாள். அம்மாவும் நானும் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

“பிள்ளைங்களுக்குக் கிழங்குப் பாடம் நடத்துவியா?” என்றாள்.

“நடத்தாம? நீ அடுப்புல ஏத்தின கதையோடதான் நடத்துவேன்.”

அம்மா கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்குத் தெரியும்டி” என்றாள். “வெந்தா தண்ணி ஏறாதுன்னு எனக்குத் தெரியும். நீதானே செஞ்சு காட்டினே.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“உன்னை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான்” என்றாள். “சொன்னா நீ கேக்கமாட்டே. அழுதா உங்கப்பா திட்டுவாரு. ரெண்டைத் தூக்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன். மூணாவதையும் போடக் கையில எடுத்தேன். நீ உள்ள குளிச்சுக்கிட்டே பாடம் சொல்லிக்கிட்டு இருந்தே. உயிரோட இருந்தாத்தான் தண்ணி ஏறும் பிள்ளைங்களான்னு. அந்தக் குரல்ல அவ்வளவு சந்தோஷம். போட முடியலடி.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபம் வராததால் பேச்சும் வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை சூடாக இருந்தது. அவள் என் தலைமேல் இன்னொரு கையை வைத்தாள். “நல்லவேளை போடலை” என்றாள். சோடாவோடு திரும்பி வந்த அக்கா, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்காமலேயே தானும் அழ ஆரம்பித்தாள்.

பயிற்சி முடிந்து வகுப்புக்கு வந்தபின் நான் நடத்திய முதல் விஞ்ஞானப் பாடம் அதுதான். மூன்று கிழங்குகள் வைத்தேன், அதே மாதிரி இரண்டு வெந்தது, சின்னது ஒன்று பச்சை. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். யார் டீச்சர் வேகவெச்சது என்று ஒரு பெண் கேட்டாள். எங்க அம்மா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப ஏன் டீச்சர் மூணாவதை விட்டுட்டாங்க?”

“நான் சந்தோஷமா இருந்தேன், அது அவங்க காதுல விழுந்துடுச்சு” என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, குழியில் ததும்பிய தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இனிக்குது டீச்சர் என்றாள்.